கரண்ட் போட்டுது

பருத்தித்துறையில் கொம்பியூட்டர் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்த மணம் ஒன்று இருக்கிறது, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் முதலில் சூடேறிய தூசு மணக்கும், அதற்குப் பின்னால் கடலின் உப்பு, அதற்கும் பின்னால் மெலிதாகக் கறள். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வடக்குக் கடலைத் தொட்டுக்கொண்டு நேரே வீடுகளுக்குள் நுழைகிறபோது, யன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் உப்பு உள்ளே வந்துவிடும், வாங்கி ஒரு வருஷம் ஆகாத பெட்டியின் திருகாணிகள்கூட மண்ணிறமாகும், ராம் தகட்டின் பொன்னிறப் பற்களில் மங்கல் படியும், பிறகொரு நாள் ஆளியை அழுத்தினால் காற்றாடி மட்டும் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும், அல்லது விளையாட்டு உச்சத்தில் நிற்கும்போது நீலத் திரை வந்து எல்லாவற்றையும் முடித்துவைக்கும். இதற்கான வைத்தியமும் ஊரறிந்ததுதான், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஓர் அழிறப்பரை எடுத்து, அந்தப் பற்களை மெல்ல உரஞ்சி, வாயால் ஊதி, மறுபடி சொருகிவிட்டால் பெட்டி எழும்பிவிடும், அடுத்த வாடை வரைக்கும் பயமில்லை.

என் மருமகன், அக்காவின் கடைசிப் பிள்ளை, இந்த வைத்தியத்தை நம்புவதில்லை. அவனுடைய பெட்டி கண்ணாடிப் பக்கம் வைத்தது, உள்ளே ஊதாவும் பச்சையுமாக விளக்குகள் மாறி மாறி எரியும், ஏதாவது பிழை வந்தால் போனில் படம் பிடித்து எங்கோ இருக்கிற யாருக்கோ அனுப்பிவிட்டுக் காத்திருப்பான். தூசு தட்டுகிற வேலை மட்டும் எனக்கென்று விடப்பட்டிருக்கிறது, தூரிகையால் தட்டும்போது சூடு ஆறாத உலோகத்திலிருந்து எழும்புகிற மணம் என்னைக் கொம்பியூட்டருக்கு வெகு முன்னால் இருந்த ஒரு விறாந்தைக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது, அங்கேயும் சூடான கண்ணாடியில் தூசு கருகிய மணம்தான் பொழுதுபட்டால் வரும், அந்தக் கண்ணாடி ஒரு ஜாம் போத்தல்.

1990 இல் போர் மறுபடி தொடங்கியதோடு குடாநாட்டுக்குத் தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்த மின்சாரம் அறுந்தது, பிறகு பெற்றோல், பற்றரி என்று ஒவ்வொன்றாகத் தடைப் பட்டியலில் ஏற, மண்ணெண்ணெய் அளந்து ஊற்றுகிற பொருளாயிற்று. தும்பளைப் பக்கம் இருந்த அப்புவின் வீட்டு விறாந்தையில் ஆச்சி ஏற்றிவைக்கும் விளக்கு ஒரு ஜாம் போத்தல்தான், அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய், நடுவில் கம்பியில் நிறுத்திய நூல்திரி, சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்பதால் காற்று அணைக்காது, எண்ணெயும் நெடுநேரம் காணும். அதன் மஞ்சள் வெளிச்சம் ஒரு பாயின் அகலத்துக்கு மேல் போகாது, பாய்க்கு வெளியே கைகள் தெரியும், முகங்கள் தெரியாது, படலைக்கு அப்பால் கடலின் இரைச்சல் தவிர வேறொன்றும் இல்லை.

அந்தப் பாயின் நான்கு பக்கமும் நான்கு கிழவர்கள் இருந்து முந்நூற்று நாலு விளையாடுவார்கள். முப்பத்திரண்டு கடதாசி, ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டும் ஏழும் வெறும், ஓர் இனத்துக்கு 76, நான்கையும் கூட்டினால் 304, கணக்கு தெரியாத பிள்ளைக்குக் கணக்குப் படிப்பிக்க இதைவிட நல்ல வழி அந்த வீட்டில் இருக்கவில்லை. முதல் நான்கு கடதாசியைப் பார்த்தவுடனேயே கேள்வி தொடங்கிவிடும், கூடக் கேட்டவர் தன் துரும்பைக் குப்புற மூடிவைப்பார், மற்ற நான்கும் பிறகுதான் கைக்கு வரும். ஆகையால் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு அதைக் காப்பாற்றுவதுதான் விளையாட்டு. அப்பு கண்ணாடியின் உடைந்த காலை நூலால் காதில் கட்டியிருப்பார், சுருட்டைப் போத்தல் வாயில் பிடித்துப் பற்றவைப்பார், நல்ல கடதாசி கையில் இருந்தால் தொண்டையைச் செருமுவார். எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் இதைக் கண்டுபிடித்து வருஷக்கணக்காயிற்று, அதை அவருக்குச் சொல்லாமல் வைத்திருந்தார்கள். அவருக்குச் சோடி, ஹாட்லிக் கல்லூரியில் கணிதம் படிப்பித்து ஓய்ந்த ஒரு வாத்தியார், அவர் எந்தக் கடதாசி விழுந்தது எது விழவில்லை என்று எல்லாவற்றையும் மனத்திலேயே வைத்திருப்பார், ஆனால் தன் வேட்டி எங்கே காய்கிறது என்று ஆச்சியிடம் கேட்பார்.

பொம்மர் சத்தம் வரும் இரவுகளில் ஆச்சி குசினியிலிருந்து ஓடிவந்து போத்தலை மூடிவிடுவாள், இருட்டில் நான்கு பேரும் தங்கள் கடதாசிகளைக் குப்புற அடுக்கி, நான்கு அடுக்கையும் வெற்றிலைத் தட்டத்தின் கீழ் வைத்துவிட்டு, பனங்குற்றி போட்ட பங்கருக்குள் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள், அங்கே அரசியல் கதைப்பார்கள், மீன் விலை கதைப்பார்கள், ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் கதைக்கமாட்டார்கள். சத்தம் ஓய்ந்து வெளியே வந்ததும் விளக்கு மறுபடி ஏறும், தட்டத்தைத் தூக்கினால் துரும்பு மூடினபடி இருக்கும், யாருடைய முறை என்பதுகூட யாருக்கும் மறக்காது. சில இரவுகளில் வெளியே வர விடிந்துவிடும், அப்போது அடுத்த நாள் பின்னேரம் வரைக்கும் அந்த ஆட்டம் தட்டத்தின் கீழேயே கிடக்கும், பிள்ளைகள் நாங்கள் அதைச் சுற்றித்தான் போவோம், தூக்கிப் பார்க்க வேணும் என்ற ஆசை இருந்தும் ஒருவரும் தூக்கியதில்லை. அந்த விறாந்தைக்குத் திரும்பிப் போக எனக்கு விருப்பமில்லை, பங்கருக்குள் மழைத் தண்ணீர் நின்றது, நுளம்பு பிடுங்கியது, வாத்தியார் ஒரு சாதாரண மருந்து கிடையாமல் போய்ச் சேர்ந்தார், அந்த இடத்துக்கு வேறொருவர் வந்திருந்து சில மாதங்கள் எல்லோரையும் தோற்கவைத்தார்.

எனக்கென்று இருந்த விளையாட்டு, போர் மறுபடி தொடங்க முன் ஜேர்மனியிலிருந்து சின்ன மாமா அனுப்பிய நின்டென்டோ கேம் அன்ட் வாட்ச், உள்ளங்கைக்குள் அடங்கும், பொத்தானளவு பற்றரியில் ஓடும். அந்தப் பற்றரி ஒருநாள் செத்தது, கடைகளில் பற்றரி என்ற சாமானே இல்லாத காலம், ரோச்சுக்கும் றேடியோவுக்கும் போடுகிற பெரிய பற்றரிகளை வெயிலில் காயவைத்து, துளைபோட்டு உப்புத்தண்ணீர் விட்டு இன்னும் கொஞ்சம் உயிரை வாங்குவது எல்லா வீட்டிலும் நடந்தது, அப்புவும் அந்த நம்பிக்கையில் சொன்னார், "ஓட்டில வை, வெயில் பட்டா எழும்பும்." அது எழும்பவில்லை, சாம்பல் நிறத் திரையைச் சரித்துப் பிடித்தால் குரங்கும் மனிதனும் ஏணியும் மங்கலாக அச்சில் நின்றன, நான் அவற்றை மனத்துக்குள் ஓடவைத்து விளையாடினேன். றேடியோவுக்கு வேறு வழி இருந்தது, சயிக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்தால் பிபிசியின் இரவுத் தமிழோசை கேட்கலாம், சுழற்றுவது பிள்ளைகளின் வேலை, கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும், உடனே நாலு பக்கமும் இருந்து ஏச்சு விழும். அந்த வீட்டில் கரண்ட் என்பது அந்நேரம் நான்தான், போனால் ஏசுவதற்கு ஆள் பக்கத்திலேயே இருந்தது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுதாகப் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது விறாந்தையில் பாய் விரிக்க இடமில்லாமற் போயிற்று, அடுத்த வருஷம் இராணுவம் வந்தது, கிழவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள், அப்புவின் கடதாசிக் கட்டில் யாரோ ஒரு பிள்ளை இஸ்கோப்பன் ஒன்பதைக் கிழித்துவிட்டது, அதற்குப் பிறகு அந்தக் கட்டை ஒருவரும் தேடவில்லை.

2002 இல் சமாதானம் என்று சொல்லி ஏ-9 பாதை திறந்ததும் ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைக்கு இறங்கி ஏறி, பைகளைப் பரப்பிக் காட்டி, தூசு குடித்துக்கொண்டு வந்த சாமான்களோடு கொம்பியூட்டர்களும் வந்தன. பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மாடிக் கடையில் பகலில் வகுப்பு, இரவில் மணித்தியாலக் கணக்கில் கேம். உள்ளே போனால் புதுப் பிளாஸ்ரிக்கும் காட்போட் பெட்டியும் மணக்கும், முதலாளி கொளுத்திய ஊதுபத்தி மணக்கும், அதற்கு மேலே எங்கள் ஊர்த் தட்டைவடையின் எண்ணெயும் மிளகாயும், வடை தின்ற விரலோடு பொத்தான்களை அழுத்தக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்த கடதாசியிலும் எண்ணெய் ஊறியிருந்தது. கேம் சீடிக்கள் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவிலிருந்து வரும், எல்லாம் பிரதி, பிரதியின் பிரதி, வழியில் மணல் பட்டுக் கீறு விழுந்தவை, கீறின் மேல் பற்பசையைப் பூசிச் சாரத்தின் நுனியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தால் வாசிக்கும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது, பலவேளை வாசித்தது.

அந்தக் கடையின் மிகப் பழைய பெட்டியில் பிரின்ஸ் ஒஃப் பேர்சியா இருந்தது, ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் தன் தம்பியை ஓடவும் பாயவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து வரைந்த உருவம், அதனால்தான் அந்த வெள்ளை உடுப்புக்காரன் பாய்ந்து விளிம்பைப் பிடிக்கும்போது எங்கள் தோளும் வலித்தது. முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை வரும், எழுத்துகள் குறித்த மருந்துக் குப்பிகள் வரிசையாக நிற்கும், கேமோடு தந்த புத்தகத்தில் இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி, இத்தனையாம் சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடி என்று கேட்கும், காசு கொடுத்து வாங்கியவனிடம் மட்டும்தானே புத்தகம் இருக்கும். எங்களிடம் புத்தகம் இல்லை, பிழையானதைக் குடித்தால் உயிர் குறையும், ஆனாலும் ஒருவன் செத்துச் செத்துக் கண்டுபிடித்த எழுத்துகளை ஒரு கொப்பியில் எழுதிவைக்க, அடுத்தவன் அதில் சேர்க்க, சில மாதங்களில் அந்தக் கடைக்கென்று ஒரு புத்தகம் உருவாகிவிட்டது, முதலாளி அதை மேசை லாச்சிக்குள் வைத்துக் கேட்பவருக்குக் கொடுத்தார்.

புதுக் கேம்கள் வேறு விதமாக முரண்டுபிடித்தன. அன்றைய மலிவுப் பெட்டிகளில் படம் வரைவதற்கென்று தனிக் காட் கிடையாது, இன்ரெல் 845 போட்டில் ஒட்டியிருந்ததே எல்லாம், அதற்குப் பிக்சல் ஷேடர் தெரியாது என்று சொல்லி 2003 இல் வந்த புதிய பிரின்ஸ் ஒஃப் பேர்சியா திறக்கவே மறுக்கும், அதை ஏமாற்றுவதற்கு 3டி அனலைஸ் என்ற சின்ன மென்பொருள் கைமாறிக் கைமாறி வந்தது, இருக்கிற வன்பொருளுக்கு வேறு பெயர் சூட்டிக் கேமை நம்பவைக்கும், நம்பினால் கேம் ஓடும், ஆனால் வானம் வெள்ளையாக இருக்கும், சுவர்களுக்கு நிறம் இராது, இளவரசன் நிழலில்லாமல் நடப்பான். டிஎல்எல் காணவில்லை என்றொரு பெட்டி எழும்பும், எந்த டிஎல்எல் என்று கடதாசித் துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நெல்லியடிக்குச் சயிக்கிள் மிதிப்போம், அங்கே ஒருவரிடம் இருக்கும், இல்லாவிட்டால் அவருக்குத் தெரிந்தவரிடம் இருக்கும். திரும்பி வர இருட்டிவிடும், ஓடக்கரையில் தோசை மணம் றோட்டுக்கு வரும், தெருமூடிமடத்தின் கல்தூண்களுக்கு நடுவே போகும்போது சயிக்கிள் மணியின் சத்தம் கூரையில் பட்டு இரண்டாகும், திண்ணையில் இருக்கும் கிழவர்கள் தலை தூக்காமலே யாருடைய பிள்ளை போகிறது என்று கேட்டு, தாங்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள்.

பிறகு எங்கள் வீட்டுக்கே ஒரு பெட்டி வந்தது, ஆச்சி அதற்குப் பின்னல் துணியால் ஓர் உறை தைத்தாள், உறையைக் கழற்றுவதற்கு முன் கால் கழுவினாயா என்று கேட்பாள், சரஸ்வதி பூசைக்குக் கொப்பி புத்தகங்களோடு அதையும் வரிசையில் வைத்துத் திரைக்குச் சந்தனப் பொட்டு இட்டாள், அந்தப் பொட்டு சரியாகக் குறி பார்க்கிற புள்ளி நிற்கும் நடு இடத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டது, விஜயதசமி வரைக்கும் பெட்டியை உயிர்ப்பிக்கவும் கூடாது, பொட்டைச் சுரண்டவும் கூடாது. அப்போதைய மின்சாரம் குடாநாட்டுக்குள்ளேயே டீசல் எஞ்சின்களில் பிறந்தது, பின்னேரம் எல்லா வீட்டிலும் விளக்கு ஏற வோல்ற்றேஜ் இறங்கும், மின்விசிறி சோம்பும், மேசைக்குக் கீழே யூபிஎஸ் கீச்சிடத் தொடங்கும். வைஸ் சிற்றி என்ற கேமில் நினைத்த இடத்தில் சேவ் பண்ண முடியாது, கடற்கரையோர ஹொட்டேலுக்குப் போய் அங்கே மிதக்கும் கசற்றைத் தொட்டால்தான் உண்டு, ஆகையால் கீச்சுச் சத்தம் தொடங்கியதும் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுக் கார் ஒன்றைப் பறித்து, ஈச்சமரங்களும் நியோன் விளக்குகளும் ஓடுகிற அந்த வீதி நெடுக, பொலிஸ் துரத்த, பற்றரிக்கு முன் ஹொட்டேலை எட்டப் பார்ப்பேன். ஆச்சி கதவடியில் நின்று, "மெல்லப் போ மோனை, ஆக்கள் வருகினம்" என்பாள். பாதித் தடவை கதவை எட்டுவதற்கு முன் திரை சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்துவிடும், கோபம் வரும், கோபத்தை டீசல் எஞ்சினிலும் யூபிஎஸ்ஸிலும் வைப்பேன், இரண்டையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். 2006 ஓகஸ்ட் 11 இல் ஏ-9 பாதை மறுபடி பூட்டப்பட்டது, புது சீடி வருவது நின்றது, ஊரடங்கு இரவுகளில் இருந்த கேமையே திரும்பத் திரும்ப விளையாடி அந்தப் பொய் நகரத்தின் ஒழுங்கைகளை எங்கள் ஒழுங்கைகளைவிட நன்றாகப் படித்தேன்.

வெகு காலத்துக்குப் பிறகு ஸ்காபரோவில் பெரியப்பாவின் நிலவறையில் ஒரு குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்தது, ஹீற்றர் காற்றும் கருவாட்டுக் குழம்பும் உடுப்புத் தோய்க்கிற வாசனைத் திரவமும் ஒன்றாக மணக்கிற இடம், பின்னேரம் நாலரைக்கே யன்னலில் இருட்டு நிற்கும். பெரியப்பா காலையில் மோலுக்குள் நாலு சுற்று நடந்துவிட்டு வந்து, சப்பாத்தைக் கடதாசியில் வைத்து, பிறகு முழு நாளும் பேரனுடைய கதிரைக்குப் பின்னால் தன் கதிரையைப் போட்டு இருப்பார். பேரனிடம் கரண்ட் இருந்தது, காசு கொடுத்து வாங்கிய கேம் இருந்தது, வேகமான இணைப்பு இருந்தது, ஆனால் விளையாடுவதை நான் கண்டது குறைவு, ஒரு கேமைத் திறக்க முதலில் ஒரு கடை திறக்கும், அந்தக் கடை இன்னொரு நிறுவனத்தின் கடையைத் திறக்கும், அது கடவுச்சொல் கேட்கும், போனுக்கு இலக்கம் அனுப்பும், எல்லாம் முடிய அப்டேற் என்று ஒரு கோடு தோன்றி ஊரத் தொடங்கும். ஊரில் கூப்பன் மட்டையோடு மண்ணெண்ணெய்க்கு நின்று பழகிய பெரியப்பா அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "இது சங்கக்கடைக் கியூ மாதிரியெல்லோ கிடக்கு, காசும் குடுத்து, கூப்பனும் குடுத்து, பிறகும் நிக்கவேணும்."

பெரியப்பா சொன்னதன் வரலாறு எனக்குக் கொஞ்சம் தெரியும். வால்வ் நிறுவனம் 2003 செப்ரெம்பரில் ஸ்டீம் என்ற மென்பொருளை வெளியிட்டது, அடுத்த வருஷம் நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வந்தபோது, கடையில் பெட்டியாக வாங்கியவன்கூட இணையத்தில் அதன் வழியாக அனுமதி பெற்றால்தான் கேம் திறக்கும் என்றாயிற்று, முதல் நாட்களில் சேவர்கள் திணற, காசு கொடுத்தவர்கள் வட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். 2013 மார்ச்சில் வந்த சிம்சிற்றி, தனியாக இருந்து நகரம் கட்டுகிறவனிடமும் இணைப்பைக் கட்டாயமாகக் கேட்டு, அந்தக் கூட்டத்தைத் தானே தாங்கமுடியாமல் விழுந்தது. யூபிசொஃப்ற் 2014 இல் விற்ற த க்ரூ என்ற கார்க் கேமின் சேவர்களை 2024 மார்ச் 31 இல் நிறுத்தியது, வாங்கியவர்களின் வீட்டில் இருந்த பிரதிகளும் அன்றோடு ஓடவில்லை, அதிலிருந்துதான் ரோஸ் ஸ்கொட் என்பவர் ஸ்ரொப் கில்லிங் கேம்ஸ் என்ற இயக்கத்தைத் தொடங்கினார், ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். எங்கள் ஊர்க் கடையின் பழைய பெட்டியில் இருந்த பிரின்ஸை நிறுத்துவதற்கு உலகத்தில் எவராலும் முடியாது, கறள் ஒன்றாலேதான் முடியும்.

இப்போது ஊரில் கரண்ட் பழுதில்லை, 2013 அளவில் தேசிய மின்வலை மறுபடி சுன்னாகம் வரை வந்து சேர்ந்தது, டீசல் எஞ்சினை நம்பியிருந்த காலம் முடிந்தது. வெளிச்சம் வெள்ளையாக, எல்லா மூலையிலும் ஒரே அளவாக விழுகிறது, எதையும் சரித்துப் பார்க்கத் தேவையில்லை. தட்டைவடை விலைத்துண்டு ஒட்டிய பைக்குள் வருகிறது, உறைப்புக் குறைவு, எண்ணெயும் விரலில் ஒட்டுவதில்லை. மருமகன் நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் மலிவு டேட்டாவுக்காக முழித்திருந்து அப்டேற்றை இறக்குகிறான், ஒரு கேமுக்கு நூறு ஜீபிக்கு மேல் போகிறது, விடிந்ததும் அது செக்கியூர் பூட் இல்லை என்று சொல்லித் திறக்க மறுக்கிறது, பயோஸுக்குள் போய் அதை மாற்றினால் ஷேடர்களைப் புதிதாகக் கட்டவேணும் என்று இன்னொரு கோடு, அதுவும் முடிந்து உள்ளே போனால் சிங்கப்பூரில் இருக்கும் சேவருக்கு அவன் அழுத்திய பொத்தான் போய்ச் சேர்வதற்குள் எதிரி சுட்டுவிடுகிறான். இத்தனையிலும் அவனுக்கு மிகக் கசப்பானது வேறு, கரண்ட் போய் அவன் ஆட்டத்திலிருந்து அறுந்தால், அந்தக் கேம் அவனை நடுவில் விட்டு ஓடியவன் என்று பதிந்துகொண்டு தண்டனை போடுகிறது, அடுத்த ஆட்டத்துக்கு உள்ளே விடாமல் வெளியில் நிறுத்துகிறது, அடிக்கடி நடந்தால் நிறுத்துகிற நேரம் கூடிக்கொண்டே போகும், கரண்ட் என்ற ஒன்று போகக்கூடியது என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரியாது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒருநாளில் 13 மணித்தியாலம் வெட்டிய காலத்தில் அவன் விளையாடத் தொடங்கியிருக்கவில்லை, அது அவனுடைய அதிர்ஷ்டம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றரை அளவில் இலங்கை முழுவதும் இருண்டது, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு போய்த் தொட்டதாக அமைச்சர் சொன்னார். மருமகனும் அவனுடைய கூட்டாளிகளும் அந்நேரம் ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தின் நடுவில் இருந்தார்கள், ஒருவன் நெல்லியடியில், ஒருவன் சென்னையில், ஒருவன் பாரிசில், ஒருவன் ரொறன்ரோவில், ஐந்து பேரும் சொந்தமும் அயலும். கண்ணாடிப் பெட்டியின் நிறங்கள் ஒரேயடியாக அணைந்தன, நான் வெற்றிலைத் தட்டத்தை நினைத்தேன், அதன் கீழே நாள் முழுவதும் கிடந்த துரும்பை நினைத்தேன், ஆளுக்காகக் காத்திருக்கத் தெரியாத விளையாட்டு என்ன விளையாட்டு என்று அவனிடம் ஒரு பிரசங்கம் வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

அவன் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஊரில் இருந்த இரண்டு பேரும் அறுந்ததும் மிச்சம் இருந்த மூன்று பேரும் தாங்களாகவே ஆட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டார்களாம், ரொறன்ரோவில் இரவு ஒரு மணி, பாரிசில் விடிகிற நேரம், மூன்று பேருக்கும் கரண்ட் இருந்தது, தொடர்ந்து விளையாடியிருந்தால் தண்டனை இல்லை, வெளியே வந்ததால் இவர்களுக்கு விழுந்த அதே தண்டனை அவர்களுக்கும். "அஞ்சு பேரும் வெளியிலதான் நிக்கிறம் மாமா," என்றான். எப்போதும் இப்படித்தானா என்று கேட்டேன், "ஓம், நெல்லியடியில அடிக்கடி போகும்" என்றான், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்ற முகத்தோடு. பிரசங்கத்தை நான் விழுங்கிக்கொண்டேன்.

மின்சாரம் பகுதி பகுதியாகத் திரும்பி எங்கள் பக்கத்துக்கு வரும்போது பின்னேரமாகிவிட்டது, தண்டனை நேரமும் முடிந்திருந்தது, பெட்டி ஊதாவும் பச்சையுமாக எழும்பி நின்றது, அப்டேற்கூட ஒன்றும் கேட்கவில்லை. அவனோ கேமைத் திறந்து வைத்துவிட்டு விளையாடாமல் இருந்தான், ரொறன்ரோக்காரன் காத்திருந்து களைத்துப் படுத்துவிட்டான், அங்கே இன்னும் விடியவில்லை. மற்ற நாலு பேரும் தொடங்கலாமே, ஐந்தாவது ஆளைக் கேமே எங்கிருந்தாவது பிடித்துத் தருமாமே என்றேன். "அதெப்படி மாமா, அவன் எங்களுக்காக வெளியில வந்தவனெல்லோ, எழும்பட்டும்," என்று சொல்லிவிட்டு அவன் தேத்தண்ணி கேட்டுக் குசினிப் பக்கம் போனான். சிங்கப்பூரில் இருக்கிற சேவருக்கு இது ஒருக்காலும் தெரியப்போவதில்லை, அதன் பதிவில் அந்த ஐந்து பேரும் நடுவில் விட்டு ஓடியவர்கள்தான்.